நினைத்த இடத்தில் இறங்குதல்: வன்னிப் பயணக் குறிப்புகள்

யூலை 1, செவ்வாய். வவுனியாவிலிருந்து மடு

ஐயாயிரம் ரூபாய்க்குள் சனிக்கிழமை வரை வன்னியைச் சுற்றி வரவேண்டும் என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை. தோள்பையில் இரண்டு சோடி உடுப்பு, ஒரு போர்வை, சுருட்டி எடுத்துச் செல்லும் பாய், தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை ஆகியவையே இருக்கின்றன. வாடகைக்கு வான் பிடித்து உறவினர்களோடு ஊர் பார்க்கப் போகும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பயணங்களில் எங்கே நிறுத்துவது, எந்தக் கடையில் உண்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பனவற்றையெல்லாம் வானுக்குக் காசு கொடுத்த பெரியப்பாவோ அத்தானோ தீர்மானிப்பார்கள். பெண்களாகிய நாங்கள் பின் இருக்கையிலிருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வருவோம். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்தில் என் சொந்தச் சம்பளத்தில் ரிக்கெற் எடுக்கும்போது அந்தத் தீர்மானங்கள் முழுவதும் என்னிடம் வந்துவிடுகின்றன. குறைந்த செலவில் பயணம் செய்வதை வெறும் சிக்கனம் என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. எவரிடமும் கைநீட்டத் தேவையில்லாத அளவுக்குச் செலவு சிறிதாக இருப்பதனால்தான் எவரிடமும் உத்தரவு கேளாமலும் என்னால் புறப்பட முடிகிறது.

மன்னார் வீதியில் பூவரசன்குளத்தைக் கடந்து செட்டிகுளம் பக்கமாகப் பேருந்து போகும்போது மெனிக் பாம் முகாம் இருந்த நிலம் வருகிறது. 2009 இல் போரின் முடிவில் வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலானோரை இங்கேதான் வைத்திருந்தார்கள். முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். உள்ளே இருந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. 2009 டிசெம்பர் முதலாந் திகதிதான் தற்காலிக அனுமதிச் சீட்டோடு வெளியே போய்வர எல்லோரையும் விட்டார்கள். அதுவரை முள்ளுக்கம்பிக்கு இப்பால் நின்று, மன்னாருக்கும் வவுனியாவுக்கும் ஓடும் பேருந்துகளைப் பார்ப்போம். அவற்றில் இருப்பவர்கள் எங்கே போகிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. அவர்கள் வழியில் ஒரு கடையைக் கண்டு, இறங்கி, தேநீர் குடித்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறலாமே என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பறையனாலங்குளத்தில் அதைச் செய்தேன். ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும்.

மடு வீதிச் சந்தியிலிருந்து திருவிழாவுக்காக விடப்பட்ட பேருந்தில் ஏறித் தேவாலயத்தை அடைந்தபோது பிற்பகலாகிவிட்டது. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. மரங்களின் கீழே நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் தறப்பாள் கட்டி, மூன்று கல் வைத்து உலை ஏற்றியிருந்தன. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்த மாதாவின் சுருவத்தைக் காப்பாற்றித் தூக்கிக்கொண்டு சில குடும்பங்கள் இந்தக் காட்டுக்குள் வந்தன என்பது மடுவின் வரலாறு. அச்சுருவத்துக்கு 1924 யூலை 2 இல் முடி சூட்டினார்கள். அந்த நாளில்தான் ஆடித் திருவிழா நடைபெறுகிறது. நான் சைவக்காரி. அதைப் பற்றி இங்கே எவரும் கேட்பதில்லை. பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகும் சைவர்களையும் பௌத்தர்களையும் இந்த மரங்கள் எவ்வளவோ காலமாகப் பார்த்திருக்கின்றன.

இங்கே தங்குவதற்கு எனக்கு ஒரு சதமும் செலவில்லை. பாயை விரிப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தபோது, சட்டியில் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த சிலாபத்து அம்மா ஒருவர், “தனியவோ மகள் வந்தது?” என்று கேட்டார். ஓம் என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேளாமல் தம் பேரப்பிள்ளைகளின் பைகளை ஒரு பக்கம் ஒதுக்கி இடம் தந்தார். அந்தக் கேள்வி இந்தப் பயணம் முழுவதும் என்னிடம் கேட்கப்படும் என்பது எனக்குத் தெரியும். கேட்டபின் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் குறித்து வைக்க விரும்புகிறேன்.

யூலை 2, புதன். மாங்குளம், மல்லாவி

திருப்பலி முடிந்து சுருவப் பவனியையும் பார்த்துவிட்டு வவுனியாவுக்குத் திரும்பி, அங்கிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பேருந்தில் மாங்குளத்துக்கு ஏறினேன்.

ஏ9 வீதியில் ஓமந்தையைக் கடப்பதற்கு இன்று சில நிமிடங்களே எடுக்கின்றன. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது ஒரு தரிப்பிடத்தின் பெயர் மட்டுமே. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் வீதி திறந்தபோது, ஓமந்தையில் படையினரிடம் இறங்கிப் பொதிகளைப் பிரித்துக் காட்டி, இரு தரப்புக்கும் இடைப்பட்ட சூனியப் பிரதேசத்தைக் கடந்து, புளியங்குளத்தில் புலிகளின் சோதனைச் சாவடியில் மறுபடியும் இறங்கிப் பதிந்துகொண்டு போகவேண்டியிருந்தது. அந்த வீதியும் 2006 ஓகஸ்டில் வடக்கே முகமாலையில் மூடப்பட்டது. அதற்கு முந்திய தொண்ணூறுகளை அப்பா அதிகம் சொல்லுவார். வன்னியை விட்டு வெளியேறப் புலிகளின் பாஸ் வேண்டும். பிணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். வெளியேறி வந்தால் வவுனியாவில் தங்குவதற்குப் படையினரின் பாஸ் வேண்டும். அது ஒரு நாளுக்கு, ஒரு கிழமைக்கு, ஒரு மாதத்துக்கு என்று வகைவகையாக இருந்தது. அப்பா அவற்றையெல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் மடித்து, மழை பட்டாலும் நனையாதபடி நெஞ்சுப் பையில் வைத்திருந்தார். இரு பக்கத்தாரிடமும் அவர் கேட்ட அனுமதி மிகச் சிறியது: தம் அக்காவின் வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்பதுதான். அந்த அக்காவின் வீட்டுக்குத்தான் நான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். வருகிறேன் என்று முன்கூட்டி அறிவிக்கக்கூட இல்லை.

மாங்குளம் சந்தியில் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். இது அதற்குரிய காலம். மஞ்சள் நிறத்தில், விரல் நுனியளவு இருக்கும் அந்தப் பழத்தை வாயில் போட்டு நசித்தவுடன் முதலில் தேனினிப்பு, பிறகு ஒரு துவர்ப்பு, அதன்பின் உதடுகள் இரண்டையும் ஒட்டவைக்கும் பால். நான்கு பழத்துக்கு மேல் சாப்பிட்டால் பேச முடியாது. விற்றுக்கொண்டிருந்த பையனிடம், மரத்தில் ஏறிப் பறித்தாயா, கொப்பை வெட்டினாயா என்று கேட்டேன். “ஏறித்தான் அக்கா. வெட்டினால் அடுத்த வருசம் எங்கை போறது?” என்றான். அவனிடமே இன்னொரு பொட்டலம் வாங்கினேன்.

மல்லாவியில் மாமி என்னைக் கண்டதும் வாசலுக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்; பின்னால் வேறு யாரோ வருகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு. ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும் சற்று நேரம் வீட்டுச் சுகம் விசாரித்தார். இரவு புட்டும் எருமைத் தயிரும் தந்துவிட்டுப் படுக்கப்போகும்போது, “காலமை குளக்கட்டுக்குப் போறதெண்டால் மச்சானின்ரை சைக்கிளைக் கொண்டு போ. சில்லுக்குக் காத்து அடிச்சு வைக்கச் சொல்லுறன்” என்றார்.

யூலை 3, வியாழன். வவுனிக்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு

விடியும்போதே வவுனிக்குளக் கட்டில் ஏறிவிட்டேன். பாலியாற்றை மறித்துக் கட்டிய பழங்குளம் இது. நெடுங்காலம் உடைந்து காடேறிக் கிடந்து, 1950களில் திருத்தப்பட்டு, குடியேற்றங்களுக்கு நீர் கொடுத்தது. சிறுபோகத்துக்குத் துருசு திறந்திருந்தது. கட்டின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் பச்சைப் பயிர், இரண்டுக்கும் நடுவே செம்மண் பாதையில் ஒரு சைக்கிள். எதிர்க்காற்றில் மிதிப்பது கடினமாக இருந்ததனால் பாதித் தூரம் உருட்டிக்கொண்டே நடந்தேன். அலைகரையில் வலை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தோணியைக் கரைக்குத் தள்ளிவந்து, பிடிபட்ட மீனில் விராலை வேறாகவும் மற்றவற்றை வேறாகவும் பிரிப்பதை முழுவதுமாக, அவசரமில்லாமல் பார்த்தேன். வலையில் ஒட்டிய சல்பீனியா என்ற நீர்க்களையின் தண்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரையில் போட்டார்; மறுபடியும் நீருக்குள் விழுந்தால் அது பரவிவிடும் என்றார்.

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் எரிபொருள் இல்லாத வன்னியில் விறகு, நெல், நோயாளி, சவம் எல்லாம் சைக்கிளில்தான் போயின. அந்த நாட்களில் சைக்கிள் ஓட்டாத பெண்ணை எங்கள் ஊரில் காண்பது அரிது. இப்போது மோட்டார் சைக்கிளும் இருக்கிறது, பேருந்தும் இருக்கிறது. ஆனால் என் வயதுப் பெண்கள் பலர் கோயிலுக்கும் சந்தைக்கும் அப்பால் தாமாக எங்கும் போவதில்லை. தடை இருந்த காலத்தில் தேவை எங்களை வெளியே தள்ளியது. தேவையில்லாமலும் ஒரு பெண் வெளியே போகலாம் என்பதை இன்னும் எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

முற்பகலில் மாங்குளம் திரும்பி முல்லைத்தீவுப் பேருந்தில் ஏறி ஒட்டுசுட்டானில் இறங்கினேன். தான்தோன்றீஸ்வரர் கோயிலில் கும்பிட்டு, மதியப் பூசை முடியும்வரை இருந்தேன். பக்கத்துக் கற்சிலைமடுவில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் பெயர் சொல்லும் கல்லையும் போய்ப் பார்த்தேன். 1803 ஓகஸ்ட் 25 இல் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரைத் துரத்தியவர், அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் ட்றிபேர்க் என்ற அதிகாரியின் படையிடம் இங்கே தோற்றார். வென்றவர்கள் நட்ட கல்லைத்தான் தோற்றவரின் வீரத்துக்குச் சாட்சியாக வன்னி மக்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் காட்டுகிறார்கள். இதைப் பார்க்க நுழைவுச் சீட்டு இல்லை, வழிகாட்டியும் இல்லை. வேலியோரத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

முல்லைத்தீவில் மாலை ஆறு மணிக்கு மேலாகிவிட்டது. மலிவான அறை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்த ஒரு விடுதியில், என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை என்றான். காரணம் கேட்டேன். “முதலாளி சொன்னவர்” என்பதற்கு மேல் பதில் இல்லை. கோபம் வந்தது, அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பாஸ் கேட்ட காவலரண்கள் எல்லாம் எடுபட்டுப் போனபின்னும், ஒரு பெண் இரவில் எங்கே படுக்கலாம் என்பதற்கு அனுமதி தரும் உரிமையை முன்பின் தெரியாத ஒரு முதலாளி தம்மிடம் வைத்திருக்கிறார். அதிக காசு கொடுத்தால் கடற்கரைப் பக்கத்தில் வேறு இடம் கிடைத்திருக்கும் என்பது உண்மையே. ஆனால் காசுள்ளவளுக்கு மட்டும் கிடைக்கும் சுதந்திரத்தைத் தேடி நான் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு சிறிய கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கி உண்டுகொண்டிருந்தபோது, கடைக்கார அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “எழும்புங்கோ பிள்ளை, வீட்டை போவம். நானும் தனியத்தான் இருக்கிறன்” என்றார். அவருடைய கணவரும் மூத்த மகனும் 2009 இற்குப் பிறகு இல்லை. தகரக் கூரை போட்ட இரண்டறை வீடு. நான் காசு கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்தார். காலையில் கடைக்கு இடியப்பம் பிழிய உதவுவதாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டார்.

யூலை 4, வெள்ளி. வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், கிளிநொச்சி

இடியப்ப உரலைப் பிழிந்த கை இன்னும் வலிக்கிறது. காலையில் கடைக்கார அம்மா பார்சல் ஒன்றும் கட்டித் தந்தார்.

புதுக்குடியிருப்புப் பேருந்தில் ஏறி வட்டுவாகல் பாலத்துக்கு இப்பாலேயே இறங்கிக்கொண்டேன். நடத்துனர் வியந்து பார்த்தார், அங்கே இறங்குவதற்கு ஊர்க்காரருக்கன்றி வேறு எவருக்கும் காரணம் இல்லை. நந்திக்கடலும் பெருங்கடலும் அண்டும் இடத்தில் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய பழைய பாலம் அது. விளிம்புகள் அங்கங்கே உடைந்து கம்பி தெரிகிறது. 2009 மே மாத நடுப்பகுதியில் இந்தப் பாலத்தால்தான் நாங்களும் ஆயிரக்கணக்கான மற்றவர்களும் நடந்து வந்தோம். அன்று நிற்க முடியாது. முன்னுக்கு நடப்பவரின் முதுகையன்றி வேறொன்றையும் பார்க்கவும் முடியாது. அம்மாவின் கையை விட்டுவிடக்கூடாது என்பது மட்டுமே நினைவில் இருந்தது. பாலம் எவ்வளவு நீளம், நீர் எந்தப் பக்கத்தில் ஆழம், அக்கரையில் என்ன மரம் நிற்கிறது என்பவை ஒன்றும் எனக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது.

இன்று நடந்தேன். நடுவில் நின்றேன். இடுப்பளவு நீரில் நின்று ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். வலையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு பாதியை முழங்கையில் மடித்து, உடம்பை ஒரு முறை திருப்பி விசுக்கினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது, ஈயக் குண்டுகள் நீரில் விழும் சத்தம் கேட்டது. இழுத்தெடுத்தபோது உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு இறால்கள். அவற்றைக் கழுத்தில் தொங்கிய பறியில் போட்டுவிட்டு நான்கு எட்டு முன்னே வைத்து மறுபடியும் எறிந்தார். மோட்டார் சைக்கிள்கள் வரும்போது ஓரத்தில் ஒதுங்கி வழிவிட்டேன். அக்கரைக்குப் போனபின், பார்த்தது போதவில்லை என்று தோன்றியதனால் பாதிவரை திரும்பி வந்தேன். எவரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தப் பாலத்தில் இரண்டு திசையிலும் நடக்கலாம், நடுவில் நிற்கலாம், போதும் என்று தோன்றும்போது போகலாம். இதற்காகவே நான் வீட்டிலிருந்து புறப்பட்டேன் என்று எழுதினால் அது மிகையாகாது. இதைக் குளிரூட்டிய வானில் வந்த எங்கள் குடும்பப் பயணத்தில் செய்ய முடியவில்லை. அன்று வானுக்குள் எல்லோரும் மௌனமாகிவிட்டார்கள், சாரதி எங்கள் துக்கத்தை மதித்து வேகமாகக் கடந்துவிட்டார்.

முள்ளிவாய்க்காலில் நினைவுத்தூபியின் அருகே சற்று நேரம் இருந்தேன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 கடந்து ஒன்றரை மாதமாகிவிட்டதனால் அங்கே எவரும் இல்லை. அதைப் பற்றி மேலும் எழுத எனக்கு விருப்பமில்லை.

பின்னர் புதுக்குடியிருப்பு, உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று ஒரே பேருந்தில் யன்னலோரமாக இருந்து கிளிநொச்சிக்கு வந்தேன். ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில் தங்கினேன். களைப்பு.

யூலை 5, சனி. இரணைமடு, முறிகண்டி, வவுனியா

தங்கையின் சைக்கிளில் இரணைமடுவுக்கு. கனகராயன் ஆற்றை மறித்துச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய குளம். வட மாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. கனகாம்பிகை அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, வான்கதவுகளுக்கு அருகே நேற்றைய பார்சலின் மீதியைச் சாப்பிட்டேன். குளம் வான் பாயும் மார்கழியில் வரவேண்டும்.

அங்கிருந்து ஏ9 வீதியால் முறிகண்டிக்கு மிதித்தேன். அவ்வழியால் போகும் எந்த வாகனமும் பிள்ளையாரிடம் நிற்காமல் போவதில்லை. சொகுசுப் பேருந்தும் லொறியும் ஒரே இடத்தில் நின்று, தேங்காய் உடைத்து, ஒரே கடையில் கச்சான் வாங்குகின்றன. நானும் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு அதையே செய்தேன்.

மாலையில் கிளிநொச்சி நிலையத்தில் மூன்றாம் வகுப்பு ரிக்கெற் எடுத்து ரயில் ஏறினேன். யாழ்தேவி 1990 இல் நின்றபின், தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. என் இளமைக் காலத்தில் ரயில் பாதை என்பது பற்றை வளர்ந்த ஒரு மேடுதான். கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தது 2013 செப்ரெம்பரில். முதல் முறை அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது.

எதிர் இருக்கையில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி வவுனியாவிலுள்ள அக்காவிடம் போய்க்கொண்டிருந்தாள். பாயைப் பார்த்துவிட்டு, “அக்கா தனியவோ?” என்று தொடங்கினாள். எங்கே படுத்தீர்கள், எவ்வளவு முடிந்தது, பயமில்லையா, வீட்டில் ஏசவில்லையா என்று மாங்குளம் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். விடுதியில் நடந்ததையும் சொன்னேன், வட்டுவாகலையும் சொன்னேன். அவளுடைய அம்மாவுக்கு மடுவில் ஒரு நேர்த்தி இருக்கிறதாம். கூட்டிச் செல்ல ஆண் துணை இல்லாததனால் ஆண்டுகளாக நிறைவேறாமல் கிடக்கிறது. ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு முதல் நாள் பிற்பகலே போய்விட வேண்டும், வவுனியாவில் மன்னார் பேருந்தில் ஏறி மடு வீதிச் சந்தியில் இறங்க வேண்டும், பாய், போர்வை, தண்ணீர், சமைக்க ஒரு சிறிய பானை போதும் என்று சொல்லச் சொல்ல அவள் தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். ஓமந்தை தாண்டும்போது, திங்கட்கிழமையே மேற்பார்வையாளரிடம் இரண்டு நாள் லீவு எழுதிக் கேட்கப்போவதாகவும், சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள்.